சிகாகோவில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த சந்தோஷம். இங்கே மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, குளிரைத் தவிர. வெளியே தலைகாட்ட முடியாததால் பேரன் என்னை அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-505ஐ அங்கே முழுசாக வைத்திருக்கிறார்கள்.

நீளம் 76 மீட்டர். ஆனால் உள்ளே நுழைந்தால் மூச்சு முட்டுகிறது. 59 பேருக்கு 35 படுக்கைதான். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால்தான் அடுத்தவன் படுக்கலாம். இருந்த இரண்டு கழிவறையில் ஒன்றைச் சாப்பாட்டுச் சாமான் அடைக்க எடுத்துக்கொள்வார்களாம். நம் ஹாஸ்டலை எவ்வளவு திட்டியிருப்போம்!

1944 ஜூன் 4, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கேப்டன் டேனியல் கேலரியின் அமெரிக்கப் படை குண்டு போட்டு இதை மேலே வரவழைத்தது. ஜெர்மானியர்கள் கப்பல் மூழ்கட்டும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டுக் கடலில் குதித்தார்கள். ஆல்பர்ட் டேவிட் என்ற அதிகாரி சில மாலுமிகளோடு அதற்குள் இறங்கினார். வெடி வைத்திருக்கிறார்களா என்று தெரியாது, தண்ணீரோ ஏறிக்கொண்டிருக்கிறது. எப்படியோ தேடி அடைத்துவிட்டார்கள். ஜெர்மானியர்கள் ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரங்களும் சங்கேதப் புத்தகங்களும் கைக்கு வந்தன.

இது கசிந்தால் ஜெர்மனி சங்கேதத்தை மாற்றிவிடும். இரண்டு நாளில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகளின் படையெடுப்பு வேறு. கேலரியின் படையில் சுமார் 3000 மாலுமிகள்; அத்தனை பேரும் வாய் திறக்கவில்லை. நம் ஆபீசில் மூன்று பேருக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை போய்விடும்.

எனக்கு உறுத்தியது வேறு. கைதான 58 பேரை லூசியானாவில் தனியாக அடைத்து, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூடத் தகவல் தரவில்லை. வீட்டுக்குக் கடிதம் போட வழியில்லை. ஊரில் அவர்கள் செத்துவிட்டதாகவே நினைத்தார்கள். "அந்த ரகசியத்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் தாத்தா?" என்றான் பேரன். அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக அழுத அம்மாக்களை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

1954இல் கப்பலை ஏரிகள் வழியே இழுத்து வந்து, சாலையைக் கடந்து இங்கே சேர்த்தார்கள். காணாமல் போயிருந்த பாகங்களை ஜெர்மன் கம்பெனிகளே அனுப்பிக் கொடுத்தனவாம்! ஐம்பது வருடம் வெயிலிலும் பனியிலும் நின்றதை 2004இல் தரைக்கடியில் கூடம் கட்டி இறக்கிவிட்டார்கள்.

நீ விசாகப்பட்டினம் போனால் கடற்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார். 1971 போரின்போது அரபிக்கடலில் ரோந்து போன நம் நீர்மூழ்கிக் கப்பல். அறைக்கு அறை குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் நுழைய வேண்டும். அதனால் முழங்கால் வைத்தியம் முடிந்தபின் போ. டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
மூர்த்தி