போல்கடாங்காவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கானாவின் வடகிழக்கு மூலையில், போல்கடாங்கா நகரத்தை ஒட்டிய கிராமத்து நூலகத்துக்கு நீங்கள் கொடுத்த பணம் புத்தகமாகவும் அலமாரியாகவும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு கடிதம் எழுதி நூலகச் சுவரில் ஒட்டியாயிற்று. இந்த மடல் தமிழில் படிக்கிற உங்களுக்கு. யாரோடு கைகோத்து இதைச் செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? பெயர் போட வேண்டாம் என்று அங்கே பலரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் இதில் யார் பெயரும் வராது.

முதல் நன்றி நூலகருக்கு. ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். நீள நோட்டு ஒன்றை இரவல் பதிவேடாக வைத்திருக்கிறார். பெயர், புத்தகம், எடுத்த தேதி, திரும்பிய தேதி. இதெல்லாம் எந்த நூலகத்திலும் இருப்பதுதான். ஐந்தாவதாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அவரே ஒரு கட்டம் சேர்த்திருந்தார். புத்தகம் தாமதமாக வந்தால், ஏன் என்று பிள்ளையைக் கேட்டு அதில் எழுதுவார். திட்டமாட்டார், எழுதுவார், அவ்வளவுதான்.

நான் பொருளியல் படித்தவன். கூடை பின்னும் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டுப் பதிய அங்கே போயிருந்தேன். நூலகத்தில் நிழலும் மேசையும் இருந்ததால் அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பேன். ஒரு மதியம் அவர் அந்த நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஜூன், ஜூலை பக்கங்களில் கடைசிக் கட்டம் முழுக்கக் களையெடுப்பு, களையெடுப்பு. அக்டோபரில் நிலக்கடலை. பிறகு சோளக் கதிர் அறுப்பு. ஜனவரி வந்தால் அணைத் தண்ணீரில் தக்காளி போட்டவர்களின் பிள்ளைகள் பெயருக்கு எதிரே ‘தண்ணீர் பாய்ச்சினான்’. அதே மாதங்களில்தான் ‘சாவு வீடு’ என்பதும் நிறைய. இடையிடையே, வருடம் முழுக்க, ‘கூடை முடியவில்லை’.

என் கேள்வித்தாளில் ‘போன வாரம் என்னென்ன வேலை செய்தீர்கள்?’ என்றுதான் இருந்தது. அங்கே வருடத்துக்கு ஒரே மழைக்காலம், ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. அந்த நிலத்தில் ஒரு வாரத்தைக் கேட்டால் வருடம் எப்படித் தெரியும்? அன்றிரவே அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மாதவாரியாகத் திருப்பி எழுதினேன். சாவு வீட்டைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அங்கே இறந்தவரை அடக்கம் செய்வது ஒரு நாள். பெரிய ஈமச் சடங்கு பிறகு, வேலை ஓய்ந்த வறட்சிக் காலத்தில், பல நாள். சொந்தமும் சம்பந்தி வீடும் வந்து சேர்கிற இடம் அது. யார் யாருக்குக் கைமாற்று, யார் மாடு யார் வயலை உழும் என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடும் என்றார். என் தாளில் அது ‘சடங்குச் செலவு’ என்று ஒற்றை வரியாக இருந்தது. ஐயா, அந்த ஒரு மதியத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அடுத்து, எனக்கு மொழிபெயர்த்த தங்கை. அவர் மேற்கே இருக்கிற டகாபா இனத்துப் பெண். போல்கடாங்கா பக்கத்து மக்கள் ஃப்ராஃப்ராக்கள், பேசுவது குருனே. இந்த இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு கேலி உறவு உண்டு. முன்பின் தெரியாதவர்கள்கூடப் பார்த்த உடனே மாறி மாறிக் கிண்டல் செய்துகொள்ளலாம், கோபப்படக்கூடாது. நம் ஊர் மாமன் மச்சான் கேலி மாதிரி, ஆனால் இரண்டு இனத்துக்கே பொதுவானது. தங்கை எந்த வீட்டு வாசலில் நின்றாலும் உள்ளேயிருந்து ஒரு கிழவி வசைபாடத் தொடங்குவார். தங்கை பதிலுக்கு ஏதோ சொல்வார். சிரிப்பு அடங்கும்போது எனக்கும் உட்கார ஒரு முக்காலி வந்திருக்கும். பணத்தைப் பற்றி அந்நியனிடம் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேசினார்கள்.

கூடை பின்னும் அம்மாமார்களுக்கு நன்றி. போல்கடாங்காவைச் சுருக்கிப் போல்கா என்பார்கள். போல்கா கூடை உலகம் முழுக்கப் போகிறது. அதற்கான புல்லோ தெற்கேயிருந்து லாரியில் வருகிறது. ஒவ்வொரு புல் தண்டையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, அந்த இரண்டையும் உள்ளங்கையில் உருட்டி மறுபடி ஒன்றாக முறுக்குவார்கள். பிறகுதான் சாயம், பின்னல். கைப்பிடிக்குத் தோல் சுற்றுவது வேறு ஆளின் வேலை. மூன்று நாளைக்கு ஒருமுறை கூடும் சந்தைக்குள் முடித்தாக வேண்டும். மின்விளக்கு இருக்கிறதென்று இரவில் நூலகத் திண்ணைக்கே புல்லைக் கொண்டுவந்துவிடுவார்கள். உள்ளே பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க, வெளியே இவர்கள் முறுக்கிக்கொண்டே கேட்பார்கள். ஒரு நாள் கதை பாதியில் நின்றதற்கு ஓர் அம்மா சன்னலைத் தட்டி, முடிவு என்ன என்று கேட்டார். குருனேயில் அச்சான புத்தகம் மிகக் குறைவு. அதனால் அவருக்குப் புரிய, வாசித்துக்கொண்டிருந்த சிறுமி மீதிக் கதையைத் தன் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தின் ஆங்கிலமும் வீட்டின் குருனேயும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதை நான் அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கானாவின் செல்வம் என்றால் கோகோவையும் தங்கத்தையும் சொல்வார்கள். அந்தக் கோகோவை வளர்த்தவர்கள் நிலம் தேடிப் போய்க் கூட்டாகப் பணம் போட்டு வாங்கிய ஊர்க்காரர்கள் என்பதைப் பாலி ஹில் என்ற பொருளியலாளர் ஊர் ஊராக நடந்து கேட்டுத்தான் 1950களில் கண்டுபிடித்தார். வடக்கில் கோகோ விளையாது. காலனி அரசு வடக்கைத் தெற்கின் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் ஆள் எடுக்கிற இடமாகவே வைத்திருந்தது. பள்ளிக்கூடம் தாமதமாக வந்தது, ரயில் வரவேயில்லை. ‘வடக்கத்தியர் முன்னேறவில்லை, அவர்கள் பண்பாடு அப்படி’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

சரி, மற்றவர்கள். பேருந்து நிலையத்திலிருந்து பெட்டிகளை ஏற்றிவந்து, கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்த மோட்டார்கிங் என்கிற மூன்று சக்கரச் சுமைவண்டி ஓட்டுநர் தம்பிக்கு. கரையான் ஏறாமல் அலமாரிக் கால்களைப் பழைய என்ஜின் ஆயில் டப்பாவில் நிறுத்திய தச்சருக்கு. எனக்கு மலேரியா வந்த வாரம் ‘சிப்ஸ்’ சுகாதார நிலையத்திலிருந்து தினமும் வந்து பார்த்த நர்ஸ் அக்காவுக்கு. கிராமத்திலேயே தங்கி வைத்தியம் பார்க்கும் அந்தத் திட்டம் 1990களில் பக்கத்து நவ்ரோங்கோவில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

அப்புறம் நீங்கள். வீட்டிலுள்ள பழைய புத்தகங்களை அனுப்பட்டுமா என்று பலர் கேட்டீர்கள். வேண்டாம், தலைநகர் அக்ராவிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதையே பணமாக அனுப்பினீர்கள். 750 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்த அந்தப் பெட்டிகளில் கானாவில் எழுதி கானாவில் அச்சான கதைகள் இருந்தன. ஹர்மட்டான் என்கிற வறண்ட பாலைவனக் காற்றில் உதடு வெடிக்கிற பிள்ளையைப் புத்தகத்தில் பார்த்ததும் வாசித்துக்கொண்டிருந்த சிறுவன் தன் உதட்டைத் தொட்டுக்கொண்டான்.

கடைசியாக, நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்கு. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘குமாசிக்குப் போய்விட்டாள், புத்தகமும் போயிற்று’ என்றிருந்தது. வடக்கிலிருந்து தெற்குச் சந்தைகளுக்குத் தலைச்சுமை தூக்கப் போகும் பெண்களைக் காயாயே என்பார்கள். அவளும் அப்படித்தான் போயிருக்கிறாள். புத்தகம் தொலைந்தது என்றே நான் கணக்கு எழுதினேன். நூலகர் எழுதவிடவில்லை, அந்த வரியைத் திறந்தே வைத்திருந்தார். ஏழு மாதம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் துணியில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அட்டைக்கு அவள் பழுப்புக் காகிதத்தில் உறை போட்டிருந்தாள். நூலகர் பக்கங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு பழைய பக்கத்தைத் தேடியெடுத்து, கடைசிக் கட்டத்தில் மீதியிருந்த இடத்தில் எழுதினார்: ‘வந்தது. குமாசியிலிருந்து. அபராதம் இல்லை.’

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் நண்பன்