யட்சியை நம்பாத மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

சென்ற வாரம் சிதறால் மலையிலிருந்து இறங்கிக் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, "உன் நாத்திகமும் ஒரு மதம்தாம்டே, நீ ஒத்துக்க மாட்ட, அவ்வளவுதான்" என்றீர்கள். மார்த்தாண்டம் பேருந்து வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

நாம் பார்த்துவிட்டு வந்த பாறையிலிருந்தே தொடங்கலாம். அங்கே செதுக்கப்பட்டிருக்கும் தீர்த்தங்கரர்களை வணங்கிய சமணர்கள், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை ஏற்காதவர்கள். ஆனாலும் நோன்பு, துறவு, வினை, வீடுபேறு என்று ஒரு மதத்துக்கு வேண்டியவை எல்லாம் அவர்களிடம் இருந்தன. வைதிக மரபு அவர்களை நாத்திகர் என்றது படைத்தவனை மறுத்ததற்காக அல்ல, வேதத்தை ஏற்காததற்காக. வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன தத்துவ மரபினரான, படைப்புக் கடவுளுக்கு இடம் தராத மீமாம்சகர்களோ, வேதத்தை ஏற்றதால் ஆத்திகராகவே எண்ணப்பட்டார்கள். உங்கள் திருச்சபையின் தொடக்க காலத்திலும் இந்தக் கூத்து உண்டு: ரோமாபுரியின் தெய்வங்களை வணங்க மறுத்த கிறிஸ்தவர்களை நாத்திகர் என்றுதான் குற்றஞ்சாட்டினார்கள், இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியான யுஸ்தீனும் அந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டே எழுதினார்.

இன்றைய பொருளில்கூட இரண்டு பேர் ஒரே பெயருக்குள் நிற்கிறார்கள். ஒருவர் "கடவுள் இல்லை என்று நம்புகிறேன்" என்கிறார். மற்றவர் "கடவுள் உண்டு என்று நம்பவில்லை" என்கிறார். முன்னதில் இன்மை கடவுளின்மேல் விழுகிறது, பின்னதில் சொல்பவரின் நம்பிக்கையின்மேல் விழுகிறது. முன்னவரிடம் நீங்கள் ஆதாரம் கேட்கலாம், அவர் தரத்தான் வேண்டும். நான் பின்னவன். நம் விளையில் நிற்கும் பாலை மரத்தில் யட்சி இருப்பதாகப் பாட்டி சொன்னபோது, நீங்கள் சிரித்துவிட்டு அதன் அடியிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்கினீர்கள். யட்சி மறுப்பு என்றொரு மதம் உங்களுக்கு இருந்ததாக அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே.

ஆனால் நீங்கள் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஆகஸ்ட் காம்ட் என்ற தத்துவவாதி கடவுளை நீக்கிவிட்டு, மனிதகுலத்தையே வழிபடும் ஒரு மதத்தை, 13 மாதங்கள் கொண்ட நாட்காட்டி உட்பட வகுத்தார். அவ்வளவு தூரம் போவானேன், நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த நாட்களில், நான் சொல்வதற்காக எதையும் நம்பாதே என்று பெரியாரே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், பெரியார் சொல்லிவிட்டார் என்பதே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது. மாற்றிப் பேசிய நண்பனோடு ஒரு பருவம் முழுவதும் பேசாமல் இருந்தேன். அது மதமேதான், மாமா. அதே வேளையில், லாகூர் சிறையில் பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறைக்குப் போன நம் பூதப்பாண்டி ஜீவாவின் உறுதியை மதவெறி என்று சொல்ல என்னால் முடியவில்லை. தன் கருத்துக்காகத் துன்பத்தை ஏற்பது ஒன்று. தன் கருத்தைத் தொட்டுப் பார்க்கவே யாரையும் விடாமலிருப்பது வேறொன்று. பின்னதைத்தான் நீங்கள் என்னிடம் கண்டீர்கள் என்றால், எந்தப் பேச்சில் என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருவேன். அம்மாவுக்காக எல்லோருடனும் எழுந்து நிற்பேன், ஆமென் மட்டும் சொல்ல மாட்டேன். அதை என்னுடைய ஜெபம் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்