மழையில் நின்ற கூத்து

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழாப் பொறுப்பு உங்களிடம் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. திறந்தவெளி மேடையில் எதிர்பாராதது நேர்ந்தால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில், மகாபாரதக் கதையைத் தெருக்கூத்தாக ஆடும் பாரத விழாவில் இவ்வாண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கத்துக் கோடையை நீங்கள் அறிவீர்கள். பகலெல்லாம் அனல், பொழுது சாய்ந்ததும் சில நாட்களில் சூறைக்காற்றும் இடியும். கூத்து தொடங்கி இரண்டு பாட்டு முடிவதற்குள் அப்படியொரு மழை பிடித்து, பந்தலின் ஒரு பக்கம் சரிந்து, மின்சாரமும் நின்றது. உடனே ஜெனரேட்டரைப் போடச் சொல்லிப் பலர் குரல் கொடுத்தார்கள். ஆனால் மேடையை நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் எலக்ட்ரீஷியன் ஒருவருக்கே அதிகாரம் என்று விழாக்குழு முன்பே முடிவு செய்திருந்தது. நனைந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அவர் சம்மதிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கோபித்தும் அசையவில்லை. அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். கம்பிகள் ஈரமாயிருக்கையில் அவசரப்பட்டிருந்தால் மேடையின் இரும்புக் குழாயைத் தொட்டவர் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

அந்த இடைவெளியில் கூட்டத்தைக் காத்தவர்கள் கூத்துக் கலைஞர்களே. கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய மரக் கிரீடங்களையும் தோளில் கட்டும் புஜக்கட்டைகளையும் முதலில் பெட்டியில் பூட்டினார்கள். ஈரத்தில் தொய்ந்த மிருதங்கத்தின் வார்ப்பிடிப்பைத் தட்டி விறைப்பேற்றினார்கள். மழை விட்டதும், கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரர் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கருகே வந்து, மைக் இல்லாமலே ஊர்க்கதை பேசத் தொடங்கினார். வேடம் கட்டி முடிக்காத நடிகருக்காகக் காத்திருக்கும் வேளையை நிரப்புவது அவருக்குப் பழகிய வேலை என்பதால், மழையும் அவருக்கு இன்னொரு தாமதம்தான். எழுந்து போகத் தொடங்கியவர்களும் விளக்கைச் சுற்றி நெருங்கி அமர்ந்தார்கள். இருட்டில் அத்தனை பேரும் ஒரே வாசலுக்கு முண்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது, அவர் செய்ததை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே உங்கள் நிகழ்ச்சி நிரலில், மின்சாரமே இல்லாமல் கால்மணி நேரம் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைக்கக்கூடிய ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பறைக் குழுவோ, நன்றாகப் பேசும் பழைய ஆசிரியரோ போதும். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை விழாவுக்கு முன்பே எல்லாரும் அறியும்படி அறிவித்துவிடுங்கள். வரவேற்புரை எத்தனை நிமிடம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஜெனரேட்டரை, அதுவும் தெரு மின்சாரமும் ஒன்றோடொன்று இணையாமல் பிரித்து வைக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் நேராகச் சொருகிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்போது மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, அங்கே பழுது பார்க்கும் லைன்மேனைக் கொல்லக்கூடும். உங்கள் ஜெனரேட்டர்காரரிடம் அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று நேரில் பார்த்து எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் எங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு முதல்நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்