பன்னிரண்டுக்குப் பதினான்கு

குன்னூர்,
மார்கழி 20

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அத்தை வீட்டு விசேஷம் நல்லபடியாக நடந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் ஹீட்டர் விஷயம். போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பார்த்தேன். வீட்டுக்குள் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு சோறு பிசைகிறாய். பின்னால் ஹீட்டர் மேல் ஈரத்துணி, உன்னுடையதும் குட்டிப்பயலுடையதும். முதலில் அதை எடு. ஹீட்டரை மூடினால் சூடு உள்ளேயே தேங்கும். சூடு மிஞ்சினால் தானே அணைகிற கட்-அவுட் வேலை செய்தால் நல்லது, செய்யாவிட்டால் தீ. துணியில் இருக்கிற ஈரமும் எங்கேயும் போகாது. சுவரில் குளிர்ந்த மூலையாகப் பார்த்துப் படிந்து கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். குட்டிப்பயலுக்கு ஏற்கெனவே இருமல்.

வாங்கப்போகிறேன் என்று நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். 1000 வாட். மின்சாரம் மிச்சம் என்று பெட்டியில் போட்டிருக்கிறான். முப்பத்தொரு வருஷம் ஒயரிங் பார்த்தவன் சொல்கிறேன், காயில் ஹீட்டரில் மிச்சம் பிடிப்பது, பிடிக்காதது என்று இரண்டு ஜாதி கிடையாது. ஆயில் ஊற்றினாலும் செராமிக் கல் வைத்தாலும் ஒரு யூனிட் உள்ளே போனால் ஒரு யூனிட் சூடுதான் வெளியே வரும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தருவது ஹீட் பம்ப் மட்டும்தான், நம் ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. அதை வாடகை வீட்டில் நீ மாட்ட முடியாது. மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது, அறை சூடானதும் தானே அணைக்கிற தெர்மோஸ்டாட்டிலும் டைமரிலும் இருக்கிறது. அவை நன்றாக இருக்கிறதா பார், பெட்டியில் இருக்கிற வார்த்தையைப் பார்க்காதே.

இனி அளவு. குட்டிப்பயல் இன்ச் டேப்பை வைத்து விளையாடிய அன்று ஹால் பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு அடி என்று சொன்னான். மீட்டரில் 3.66-க்கு 4.27. சதுர மீட்டருக்கு 100 வாட் என்று போட்டுக் கடைக்காரன் 1500 சொச்சம் என்பான். அது எட்டடி சீலிங்குக்கு. உன்னுடையது கிளாஸ்கோவின் பழைய கல் கட்டடம், சீலிங் பத்தடி இருக்கும். அதனால் கன மீட்டருக்கு 40 வாட் போடு. ஏறக்குறைய 47.5 கன மீட்டர், 1900 வாட். இரண்டு பக்கம் வெளிச்சுவர், ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. 2000-க்குக் குறைந்து வாங்காதே.

அந்த இடத்தில் 1000 வாட்டை வைத்தால் கடும் குளிரில் அறை 18 டிகிரியைத் தொடாது. தொடாததால் தெர்மோஸ்டாட் கட் ஆகாது. விடிய விடிய ஓடும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 12 யூனிட், குளிரும் போகாது. 2000 வாட் சட்டென்று ஏற்றிவிட்டு, கட் ஆகி கட் ஆகி ஓடும். வாட் இரண்டு மடங்கு என்பதால் பில் இரண்டு மடங்காகாது பாப்பா, கொஞ்சம் கூடினாலும் குளிர் போகும். 18-க்குக் கீழே போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதே. 2000 வாட் என்றால் எட்டே முக்கால் ஆம்பியர். சுவர் ப்ளக் தாங்கும், பாக்ஸ் உருகலாம். ராத்திரி சூட்டைச் சேர்த்துவைத்துப் பகலில் விடுகிற, சுவரில் இருக்கிற ஸ்டோரேஜ் ஹீட்டரை, மீட்டரில் ராத்திரி சலுகை ரேட் இல்லையென்றால் தொடாதே. 1000 வாட் வாங்காதே.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு வாரமாக டிக் நீலமாகவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

நம் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து சீமைக்குப் போய்ப் படித்தது நீ ஒருத்திதான். இன்றும் பஜாரில் யாராவது கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன். கோட்டோடு சோறு தின்னவா அவ்வளவு படித்தாய்?

உன்னைச் சொல்லி என்ன. இந்தக் கஞ்சத்தனம் என்னிடமிருந்து வந்ததுதானே. அம்மாவின் கடைசி மார்கழியில், பங்களா துரை கொடுத்த சிவப்பு ஹீட்டர் காயில் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா. காயில் போகவில்லை. கீழ் பஜாரில் 800 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். உன் ஃபீஸுக்காக என்று இப்போது சொன்னால் அதுவும் பொய். அதைப் போட்டால் மீட்டர் சக்கரம் சுற்றுகிற வேகம் எனக்குச் சகிக்கவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். எஸ்டேட் பங்களா எல்லாவற்றுக்கும் ஹீட்டர் பாயிண்ட் இழுத்தவன் நான். அம்மா, "அணைச்சிடுங்க, எனக்கு வேர்க்குது" என்றாள். அவள் கையைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் தொட்டுப் பார்க்கவில்லை. அணைத்துவிட்டேன். மறுநாள் விற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ, "குளிரவே இல்லைப்பா" என்றாய். அதே குரல்.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்கவில்லை. ஹாலுக்குக் கணக்கு போட்டாயிற்று, நீ படுக்கிற அறையின் அளவு மட்டும் எழுது. நீளம், அகலம், உயரம், எத்தனை ஜன்னல். ஒரு ஊதுபத்தியை ஏற்றி ஜன்னல் ஓரமாகப் பிடித்துக்கொண்டே போ. புகை எங்கே சாய்கிறதோ அங்கே பஞ்சு டேப் ஒட்டு. இப்போது அந்த அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்றும் எழுது. ஒரு ஆள் சும்மா இருந்தாலே 100 வாட் அளவுக்குச் சூடு விடுவான். கணக்குக்குத்தான் கேட்கிறேன்.

அப்பா