சரிவுக்குத் தேதி குறியுங்கள்

மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பதினாறு பவர் டேபிள்களை, அதாவது மின்சாரத் தையல் மெஷின்களை, வைத்துப் பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவன் நான். கடன் வரம்பை உயர்த்தக் கேட்டுச் சென்ற மாதம் வங்கிக்குப் போயிருந்தேன். 2021 மே, ஜூன் தவணைகள் தாமதமானதைக் காட்டி, 'பொருளாதாரம் மீண்டெழுந்த காலத்தில் தவறியவர்' என்று என் கோப்பில் குறித்திருந்தார்கள். அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது தாங்கள் வெளியிட்ட எண்.

2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, 20.1 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தீர்கள். அந்த மே மாத முழு ஊரடங்கில் என் மெஷின்கள் பழைய வேட்டிக்கடியில் கிடந்தன. பாதி தைத்த டி-சர்ட் கட்டுகளில் எலி புகுந்தது. செக்கிங் பெண்கள் வாட்ஸ்அப்பில் முன்பணம் கேட்டபோது பதில் எழுத முடியாமல் போனை அணைத்துவைத்தேன். உங்கள் எண் பொய்யில்லை. நீங்கள் ஒப்பிட்டது முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு; அது 24.4 சதவீதம் சரிந்த பள்ளம். பள்ளத்தில் நின்று பார்த்தால் திண்ணையும் மலைதான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் 38.96 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உற்பத்தி, அந்தக் காலாண்டில் 32.38 லட்சம் கோடியாக இறங்கியதும் உங்கள் அட்டவணையில்தான் இருக்கிறது. ஏப்ரலில் இறங்குவது வழக்கம் என்பீர்கள். அதில் பருவம் எவ்வளவு, ஊரடங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது யாருடைய வேலை?

அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, வேலைவாய்ப்பு, வருமானம், விற்பனை, தொழில் உற்பத்தி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பொருளாதாரம் 2020 பிப்ரவரியில் உச்சத்தைத் தொட்டு இறங்கியது, ஏப்ரலில் அடிமட்டத்தைத் தொட்டு ஏறத் தொடங்கியது என்று மாதம் குறித்துச் சொன்னது. அடிமட்டத்தைச் சொல்ல 2021 ஜூலை வரை எடுத்துக்கொண்டது, தாமதமானாலும் சொன்னது. நமக்கும் அப்படியொரு நிரந்தர, சுதந்திரமான குழு வேண்டும்.

நோட்டுகள் செல்லாமல் போன 2016-17இன் வளர்ச்சியை 2019 ஜனவரியில் 7.1இலிருந்து 8.2 சதவீதமாகத் திருத்தினீர்கள். இன்னும் இரண்டு முறை நோட்டுகளைச் செல்லாததாக்கியிருந்தால் நாங்கள் எல்லோரும் கோடீஸ்வரர்களாகியிருப்போம் போலும். மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

பொருளாதாரம் மாறி மாறி ஏறி இறங்கும் வணிகச் சுழற்சியின் உச்சமும் அடிமட்டமும் எந்தெந்த மாதங்கள் என்று காரணத்தோடு அறிவிக்கும் குழுவை அருள்கூர்ந்து அமைத்துத் தாருங்கள். அக்குழு 2021இலிருந்து வேலையைத் தொடங்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்; அறிக்கையின் ஒரு நகலை என் கோப்பில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர் ஒருவர்