நாலாவது வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் புதிய கதிர்வீச்சு மெஷின்கள் வந்திருப்பது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது, நல்லதுதான். ஆனால் எந்த மெஷினாக இருந்தாலும் ஆரம்பித்த சிகிச்சையை இடையில் விடாமல் முடித்தால்தான் பலன் என்பது எங்கள் கடலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மச்சானுக்குத் தொண்டையில் கட்டி. கரண்ட் வைக்க வேண்டும் (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்றதுமே ஷாக் அடிக்கும், முகம் கருகிவிடும் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை, கதிர் படும்போது ஒன்றுமே தெரியாது. முதலில் வெள்ளை பிளாஸ்டிக் வலை ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்துகிறார்கள், சில நிமிடத்தில் அது முகத்தின் அச்சாக இறுகிவிடுகிறது. தினமும் அந்த மாஸ்க்கை மாட்டி மேஜையோடு பூட்டித்தான் சிகிச்சை. வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் வலைத் தடம் பதிந்திருக்கும், மச்சான் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே டீக்கடை வரை வருவார்.

தலை இம்மியும் அசையக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐஎம்ஆர்டி என்கிற முறையில், மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து நகர்ந்து கட்டியின் வடிவத்துக்கே கதிரைச் செதுக்கிக் கொடுக்கின்றன. காதுக்குக் கீழே இருக்கும் எச்சில் சுரப்பியைக் கூடுமானவரை காப்பாற்றிவிடலாம். 2011-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். எச்சில் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது, ராத்திரியெல்லாம் தண்ணீர் பாட்டிலோடுதான் படுக்க வேண்டும், பல்லெல்லாம் சொத்தையாகும். அதனால் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. மெஷின் சுற்றிக்கொண்டே கதிர் கொடுக்கும் விமேட் முறையில் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சென்னையில் 2019 முதல், எக்ஸ்ரே கதிருக்குப் பதில் புரோட்டான் என்கிற அணுத்துகளைச் செலுத்தும் புரோட்டான் சிகிச்சையும் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து அதற்காக வீட்டை அடகு வைக்கிறவர்கள், ஐஎம்ஆர்டியே போதாதா என்று டாக்டரிடம் நேராக ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

அறுவை இல்லாமல் கதிர்வீச்சிலேயே குணப்படுத்துவது என்றால் பொதுவாக வாரம் 5 நாள், மொத்தம் 35 தடவை, 7 வாரம். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரம் ருசி போகும், நாலாவது வாரம் வாய் வெந்து புண்ணாகி எச்சில் விழுங்கவே கண்ணில் தண்ணீர் வரும். அப்போதுதான் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, போதும், உடம்பு தேறட்டும், பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்! மிஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் ஏறக்குறைய அந்த நாலாவது வாரத்திலிருந்துதான் வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்பது டாக்டர்கள் வெகுகாலமாகச் சொல்லும் கணக்கு. தவிர்க்கவே முடியாமல் ஒரு நாள் விட்டுப்போனால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுத்து ஈடுகட்ட வழி உண்டு. சாப்பிட முடியாவிட்டால் மூக்கு வழியாக ட்யூப் போடுவார்கள், அதைப் பார்த்து ஆள் முடிந்தார் என்று அழ வேண்டியதில்லை. மச்சான் அந்த ட்யூப்பில் கஞ்சியும் பாலும் முட்டையும் குடித்துத்தான் மிச்ச நாட்களை ஓட்டினார். எடை ரொம்பக் குறைந்து மாஸ்க் தளர்ந்தால் திரும்ப ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் பிளானையே மாற்றுவார்கள், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நாங்கள் சேர்த்த தனியார் மருத்துவமனையில் ஸ்கேன், மாஸ்க் எல்லாம் ஆன பிறகுதான் பல் டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஆடுகிற பல்லையும் சொத்தைப் பல்லையும் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்து, புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால் பிற்பாடு பிடுங்கினால் எலும்பே அழுகிப்போகலாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வீணாக நாள் போயிருக்காது.

புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரில் முழுக் கட்டணமும், கூடப் போகிறவருக்கு 75 சதவீதமும் சலுகை இருப்பது, சென்னைக்குப் போய்வரும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியாது. ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் வெந்த வாயோடு நின்றுகொண்டு போகிறவருக்கு அதனால் என்ன பயன்? கதிர்வீச்சு நோயாளிகள் ஏழு வாரம் தங்க, மருத்துவமனைப் பக்கத்திலேயே குறைந்த வாடகையில் இடமும் குழைந்த சோறும் கிடைக்க தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு அரசுகளும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கே போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஓர் ஆளைப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.