இரணைமடுவிலிருந்து ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று அறிந்து பெரிய சந்தோஷம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது எப்படி? இங்கே நாங்கள் சுகம். காலபோக அறுவடை முடிந்துவிட்டது.

இன்னும் படம் கீறுகிறாயா என்று கேட்டிருந்தாய். ஓம், சிறுவர் படப்புத்தகங்களுக்குக் கீறுவதுதான் இப்போது முழுநேர வேலை. பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம்தான்; ஓர் அச்சுத்தாளை மடித்தால் 16 பக்கம் வரும், அப்படி இரண்டு தாள் என்ற கணக்கு அது. முதலில் வெறும் தாளை மடித்துப் பென்சிலால் ஒரு மாதிரிப் புத்தகம் செய்வேன். எந்தப் பக்கம் புரட்டும்போது யானை வரவேண்டும் என்பது அங்கேதான் முடிவாகும். முகம் நடு மடிப்பில் விழக்கூடாது. ‘யானை வந்தது’ என்று எழுத்தே சொன்ன பிறகு யானையை மட்டும் கீறி என்ன பயன்? முறிந்த வாழையையும் யானைவெடியோடு ஓடும் அப்புவையும் கீறினால், பிள்ளை தானே கதை சொல்லத் தொடங்கும்.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. “உங்கட ஊரைக் கீறுங்கோ” என்றால் இங்குள்ள பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு என்றுதான் கீறுகிறார்கள். பரந்தனிலிருந்து முறிகண்டி வரை எங்கே மச்சான் அப்படி மலை? அவர்கள் பார்த்து வளர்ந்த படங்கள் அப்படி. அதனால்தான் நான் பிடிவாதமாகக் குளக்கட்டையும் மருதமரத்தையும் பாலையையும் கீறுகிறேன். எங்கள் காட்டுக்கோழிச் சேவலுக்குச் சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். இலங்கையில் மட்டுமே உள்ள இனம் அது. ஒரு பதிப்பாளர் அதைப் பிழை என்று நினைத்து முழுச்சிவப்பாக மாற்றச் சொன்னார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, உன்னிடம் ஓர் உதவி. அடுத்த புத்தகம் சூடு மிதிப்பைப் பற்றியது, அதுதான் குவித்து வைத்த நெற்கதிரை மாடுகளால் மிதிப்பித்து நெல்லைப் பிரிப்பது. இப்போது எல்லாம் அறுவடை மெஷின்தானே, மாடு கட்டி மிதித்ததைப் பிள்ளைகள் கண்டதில்லை. மாடுகளைப் பிணைத்த விதம், சூட்டின் உயரம் இவற்றை ஞாபகத்தை மட்டும் நம்பிக் கீற எனக்கு மனமில்லை. இங்கே விசாரித்த வீடுகளில் பழைய அல்பம் இல்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம். உன் பெரியப்பா முன்னமே கனடாவுக்குக் கொண்டுபோன படங்களில் சூடு மிதித்த களத்துப் படம் ஏதும் இருக்குமா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெரியப்பாவிடம் கேட்டு, எத்தனை மாடு கட்டினார்கள் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்